தலைக்கனம் போதாத விமானம்

மார்ச் 4

மன்னித்துக்கொள், நோட்டே. எடைகளைக் குறிக்க வாங்கிய உன்னில் என் புலம்பலையும் எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது.

லேத் பட்டறைக்காரரான என் சித்தப்பா, மூன்று வருடங்களாகப் பின்கொட்டகையில் கட்டும் இரண்டு இருக்கை விமானத்தை இன்று எடை போட்டோம். மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் ஒவ்வொரு தராசு. முன்னால் இடமில்லை என்று பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பாரம் சமன்படும் இடம் இருக்க வேண்டிய வரம்பைத் தாண்டி நான்கு விரற்கடை பின்னால் போய்விட்டது. வால் கனம்.

"கணக்குல பக்கத்து சீட்டுக்கு ஏன் நாப்பத்தாறு கிலோ போட்டே? எல்லாரும் எழுபதுதான் போடுவாங்க," என்றார்.

"சும்மாதான் சித்தப்பா."

மார்ச் 5

மூன்று முறை சொல்லிவிட்டேன். "வால் கனம்னா ட்ரிம் லிவரைத் தள்ளினா தீர்ந்துச்சு!" என்கிறார். ஐயோ! ட்ரிம் வைத்தால் விமானத்தை ஓட்டும் கைக்குப் பாரம் குறையும், அவ்வளவுதான். காற்று ஒரு தட்டு தட்டினால் மூக்கு தானாகத் திரும்பி வர வேண்டாமா? உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்துகிற கதைதான். நிற்கும். எத்தனை நேரம்?

மார்ச் 9

ஓடுபாதையில் ஓட்டி, ஓர் ஆள் உயரம் எழும்பி இறங்கினார். இலை அசையாத காலை.

"கையை விட்டேன், நேரா நின்னுச்சு. இப்ப என்ன சொல்றே?"

காற்று இல்லாததால் நின்றது என்றேன்.

"வீட்லயே முதல் டிகிரி நீதானே, அதான் இந்தத் தலைக்கனம்!"

தலைக்கனமா? அது உங்க விமானத்துக்குத்தான் வேணும் சித்தப்பா! — சொல்லவில்லை. வாசல் தாண்டின பிறகுதான் எனக்கு வாயே வருது. சே.

இந்த ஞாயிறு நிஜமாகவே பறக்கப்போகிறாராம்.

மார்ச் 10

கணக்கை மறுபடி போட்டேன்; அதே நான்கு விரற்கடை.

மார்ச் 11

பேசுவதை விட்டேன். தெர்மாகோலில் குட்டி விமானம் வெட்டி, மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, கொட்டகையில் எறிந்தேன். ஒழுங்காகப் போய் இறங்கியது. கிளிப்பைப் பின்னால் மாற்றி எறிந்தேன். மூக்கைத் தூக்கி, குட்டிக்கரணம் அடித்து, சித்தப்பாவின் டீயில் விழுந்தது.

சித்தி அதை எடுத்து உதறினார். "ஏங்க, இந்தக் கிளிப் இருக்கிற இடத்துலதானே உங்க பேட்டரி?"

அவர் அந்தக் கிளிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீயைக் குடிக்கவில்லை.

மார்ச் 14

ஞாயிறு பறக்கவில்லை. இன்று பேட்டரி முன்னால் போய்விட்டது. தகட்டை வெட்டி, இடம் பண்ணி, அத்தனை நேரமும் முனகல். மறுபடி எடை போட்டேன். வரம்புக்குள்.

மார்ச் 19

பறந்தார். இறங்கினார். முழுசாக.

"மேல போய் வேணும்னே மூக்கைத் தூக்கி விட்டுப் பார்த்தேன். ரெண்டு ஆட்டம் ஆடிட்டு, தானா பழைய நிலைக்கு வந்துடுச்சு. நல்ல தலைக்கனம்!" என்று என் தலையில் ஒரு குட்டு.

சித்தி சிரித்துக்கொண்டிருக்கும்போதே, வாசல் தாண்டுவதற்கு முன்பே, கேட்டுவிட்டேன்:

"சித்தப்பா, அந்த நாப்பத்தாறு கிலோ நான்தான். ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?"