ஐந்து வார்த்தை விதி

ஜனவரி 6, செவ்வாய்

காலை வகுப்பில் இன்று இருபத்து மூன்று பேர். போன வருடம் இதே நாள் எண்பது பேர் இருந்தார்கள். குழுவில் பெயருக்கு நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் போனையாவது திறந்து பார்க்கிறார்களா என்றே தெரியவில்லை.

இஸ்திரி மேசை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு "கையைத் தூக்குங்க, மூச்சை விடுங்க" என்று கத்துகிறேன். எதிரே கறுப்புக் கட்டங்கள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுக்கும்போதாவது நோயாளி வலி தாங்காமல் நாலு வார்த்தை திட்டுவார். இங்கே திட்டக்கூட ஆளில்லை. மூன்று வருடமாக ஒவ்வொருவராகச் சேர்த்த குழு. இது என் கண்ணெதிரே கரைந்து போனால் என்னால் தாங்க முடியாது. எழுதி வைக்கிறேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தம்பியிடம் புலம்பினேன். அவன் மென்பொருள் எழுதுகிறவன், எந்தக் கஷ்டத்துக்கும் அவனிடம் ஒரு படிவம் இருக்கும். "நீயே ஏன்க்கா மண்டையை உடைச்சுக்கற? அவங்களையே கேளு. ஆறு கேள்வி போடறேன், எழுதி அனுப்பட்டும்."

என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் கருத்துக் கேளு. காலங்காத்தால உன் சத்தத்துல எழுந்திரிக்கிறானே ஒருத்தன், அவனை யாராவது கேட்டீங்களா?" எலக்ட்ரீஷியன். ஷாக் கொடுப்பது தொழில் தர்மம் போல.

ஜனவரி 11, ஞாயிறு

தொண்ணூற்று நான்கு பேர் பதில் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று விடாமல் படித்தேன்.

"எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகமா மூச்சு வாங்குது." "எட்டு எண்ணிட்டு மறுபடி ஏழுன்னு எண்றீங்க, நாங்க கவனிச்சுட்டுத்தான் இருக்கோம்." "பின்னால துண்டோட போறவர் யாரு?" கடைசியை இவருக்குப் படித்துக் காட்டினேன். இனிமேல் கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போகிறாராம்.

சிரிப்பு ஒரு பக்கம். முப்பத்தேழு பேர் ஒரே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். புள்ளி.

பயிற்சி முடித்தவர்கள் என்ன செய்தோம் என்று குழுவில் எழுத வேண்டும். எழுதினால் கணக்கில் ஒரு புள்ளி ஏறும். தம்பி எழுதிய நிரல்தான் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. சிலர் எழுதச் சோம்பல்பட்டு, நிறுத்தற்குறி மாதிரி வெறும் புள்ளி ஒன்றைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். நிரலுக்கு என்ன தெரியும், அதற்கும் ஒன்று போட்டுவிடுகிறது. பேங்க் அண்ணன் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார்: "நாங்க வேர்க்க விறுவிறுக்கச் செஞ்சுட்டுப் பத்து வரி எழுதறோம். புள்ளி வெச்சவனுக்கும் புள்ளியா?" தையல்காரம்மா: "செஞ்சாங்களா, போர்த்திட்டுத் தூங்கினாங்களா, யாரு கண்டா?"

நியாயமான பேச்சுதானே.

புள்ளிக்காரர்களுக்கெல்லாம் தலைவர் ஒருவர் இருக்கிறார். பதினான்கு மாதமாக, ஒரு நாள் தவறாமல், ஆறு நாற்பதுக்கு ஒரு புள்ளி. முகம் காட்டியதில்லை, ஒரு வார்த்தை எழுதியதில்லை. நாங்கள் வைத்த பெயர் பெரும்புள்ளி.

ஜனவரி 14, புதன்

விதி தயார். நாளையிலிருந்து ஐந்து வார்த்தையாவது எழுதினால்தான் கணக்கு. புள்ளியெல்லாம் வார்த்தை ஆகாது. குறைவாக எழுதினால் நிரலே "ஐந்து வார்த்தையாவது எழுதவும்" என்று பதில் போடும். தொடர்ந்து ஏழு நாள் கணக்கில் வராதவர்களை எட்டாம் நாள் தானாக வெளியே அனுப்பிவிடும்.

அனுப்பும்போது போகிற செய்தியை நானே எழுதினேன். "இந்தக் குழுவில் உங்களுக்கு ஆர்வம் இல்லை என்று தெரிகிறது. ஆர்வம் வந்தால் திரும்பி வாருங்கள்."

"கொஞ்சம் காரமா இருக்கேக்கா," என்றான் தம்பி.

"காரமா இருந்தாத்தான் உறைக்கும்."

எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

ஜனவரி 19, திங்கள்

விதி வேலை செய்கிறது. வாயே திறக்காதவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். ஒருவர் தன் முழங்காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

பெரும்புள்ளி மட்டும் அசையவில்லை. மூன்று நாள் ஒற்றைப் புள்ளி. நேற்று இரண்டு. இன்று காலை ஐந்து புள்ளிகள், வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு. ஐந்து வார்த்தை கேட்டால் ஐந்து புள்ளி. குசும்பைப் பாருங்கள். "பெரும்புள்ளிக்கு நக்கல் ஜாஸ்தி" என்று குழுவில் போட்டேன். முப்பது பேர் சிரித்தார்கள்.

ஜனவரி 22, வியாழன்

பத்தொன்பது பேர் வெளியே. பெரும்புள்ளியும்தான். காலையில் ஒரு நிமிடம் என்னவோ போல் இருந்தது. பாவம் பார்த்தால் குழு நடத்த முடியாது என்று வேலைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வகுப்பில் அறுபத்தொன்று. இவர் நம்பாமல் வந்து எண்ணிப் பார்த்தார்.

பிப்ரவரி 16, திங்கள்

கருத்துப் படிவத்தை மூடாமல் விட்டிருந்தோம். மதியம் சாப்பிடும்போது திறந்தேன். கடைசிக் கட்டத்தில் ஒரு பெண் எழுதியிருந்தாள். அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"மேடம், என் அப்பா உங்கள் குழுவில் இருந்தார். தபால்காரராக இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சும் எழுத்தும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும், சின்ன வரியாக இருந்தால் மெதுவாகப் படிப்பார். எனக்கு பேக்கரியில் வேலை, காலை நாலு மணிக்கே போய்விடுவேன். ஆறு மணிக்கு உங்கள் குரலோடுதான் அவர் தனியாகச் செய்வார். முடித்ததும் போட ஒரு புள்ளியை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வாரமாக நாற்காலியை விட்டு எழுவதில்லை. சட்டை போட்டுவிடும்போது கை மேலே போகவில்லை, கத்துகிறார். நேற்றுத்தான் அவர் போனைப் பார்த்தேன். உங்கள் செய்தி திறந்தபடியே இருந்தது. அவருக்கு ஆர்வம் இருந்தது மேடம். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்."

நக்கல் இல்லை. நிரல் ஐந்து கேட்டது. அவரிடம் என்ன இருந்ததோ அதில் ஐந்து கொடுத்திருக்கிறார். இடைவெளி விட்டு. வார்த்தைக்கு வார்த்தை இடம் விடுவோமே, அந்த மாதிரி.

நான் முப்பது பேரைக் கூட்டிச் சிரித்திருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சேரும்போது நிரப்பின படிவத்தைத் தேடி எடுத்தேன். 'உடல்நிலை பற்றிக் குறிப்பு உண்டா?' என்ற கேள்விக்கு மகள் நிரப்பியிருக்கா: "பக்கவாதம். வலது கை, கால். பேச, எழுத வராது. சொன்னால் புரியும்." அதுக்குக் கீழ நான் 'பாத்தாச்சு'ன்னு கட்டைவிரல் படம் ஒண்ணு போட்டிருக்கேன்.

படிச்சிருக்கேன். படிச்சுட்டுத்தான் மறந்திருக்கேன்.

பன்னிரண்டு வருஷமா இதே வேலை. பேச்சு வராதவங்க முன்னாடி 'ஆம்', 'இல்லை'ன்னு ரெண்டு அட்டையை வெச்சுட்டுத்தான் எதையும் கேப்போம், அதை வார்டுக்கு வர்ற புதுப் பிள்ளைங்களுக்கு நானே சொல்லித்தரேன். என் படிவத்துல ஆறு கேள்வி, ஆறும் எழுதற கேள்வி. எழுத வர்றவங்க சொன்னதை மட்டும் கேட்டுட்டு, எல்லாரையும் கேட்டாச்சுன்னு மார்தட்டிக்கிட்டேன். எனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?

அவரை உடனே குழுவில் திரும்பச் சேர்த்தேன். குரலில் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், முழங்கை வரை அடுப்புச் சூட்டுத் தழும்புகள். என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். "பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதா மேடம்?" என்றாள்.

ஜன்னலோரம் நாற்காலி. அதன் முன்னால் தரையில் இரண்டு ஒட்டுப்பட்டை, பாதங்களை எங்கே வைக்க வேண்டும் என்று. வகுப்பில் நான் சொன்ன இடைவெளி, அளந்து ஒட்டியது போல் இருந்தது. அவர் கச்சிதமான, ஒல்லியான மனிதர், மீசையைக் கத்தரித்திருந்தார்.

"ஐயா, நான்தான் காலைல பேசறவ," என்றேன். குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தப்பு என்னுது, நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சீங்க என்று சொன்னேன். திரும்பவில்லை.

தோளைத் தொட அனுமதித்தார், அதுவும் மகள் கெஞ்சியதால். நல்ல கையால் மற்ற கையைக் கோர்த்துத் தூக்க வேண்டும், அதுதான் பயிற்சி. மகள் போனில் டிசம்பரில் எடுத்த படம் இருந்தது. கோர்த்த கைகள் தலைக்கு மேலே, முகமெல்லாம் பெருமை. இன்று மார்புக்கு மேல் ஏறவில்லை. மூட்டு இறுகியிருக்கிறது. இப்படிப்பட்ட தோளை ஒரு மாதம் சும்மா விட்டால் இதுதான் நடக்கும். பரீட்சையில் வந்தால் நான் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

திரும்புகிற வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் மனதில். இப்போதே ஆரம்பித்தால் கை திரும்பும். இன்னும் இரண்டு மாதம் போனால் இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

திங்கட்கிழமையே குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். பேங்க் அண்ணன், "தெரியாமப் பண்ணினதுதானே, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றார். தையல்காரம்மாதான், "மீதிப் பதினெட்டுப் பேர் யாருன்னு பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. இந்த வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பதினொரு பேர் எடுத்தார்கள். ஒருவருக்குப் பார்வை மங்கல். ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டுகிறவள். ஒருவர் நிஜமாகவே தூங்கினவர்தான், அவரே ஒப்புக்கொண்டார். விதியை எடுத்தாயிற்று. கணக்கும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். "செஞ்சேன்" என்று ஒரு பெரிய பொத்தான் மட்டும். ஏழு பேர் திரும்ப வந்தார்கள்.

தபால்காரர் ஐயா வரவில்லை. இன்றும் போனேன். தோளைத் தொட விடவில்லை. போன் மேசை இழுப்பறைக்குள் அணைந்து கிடக்கிறது. தினமும் ஆறு மணிக்கு மகள் அதைப் போட்டுவிட்டுப் பார்த்தாளாம், வேலைக்கு லீவு போட்டு. அவர் நல்ல கையால் அணைத்துவிடுகிறாராம்.

இவர் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார். "திரும்பச் சேத்தியே, அவரைக் கேட்டுட்டா சேத்த?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து அட்டைகளை எடுத்துப்போனேன். நாற்காலியின் கைப்பலகையில் இரண்டையும் வைத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேருக்கு நேர்.

"குழுவுல இருக்க உங்களுக்கு இஷ்டமா ஐயா?"

யோசிக்கவே இல்லை. விரல் 'இல்லை' மேல்.

"நான் ஞாயிற்றுக்கிழமை வந்து கை பாக்கலாமா?"

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். விரலைத் தூக்கினார், மறுபடி அதே அட்டையில் வைத்தார். அழுத்தி, நான் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பது போல.

மகள் பதறிப்போய், "அப்பா, அவங்க நல்லதுக்குத்தானே," என்று ஆரம்பித்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கேட்டுவிட்டு, வந்த பதிலைத் திருத்துவதற்கு நான் யார்? மூன்றாவதாக, "மக சொல்லிக்குடுத்தா செய்வீங்களா?" என்று கேட்டேன். அட்டைகளை என் பக்கம் தள்ளிவிட்டார்.

சமையலறையில் மகளுக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினேன். எங்கே பிடிப்பது, எதுவரை தூக்குவது, எந்த வலி சரி, எந்த வலியில் நிறுத்துவது. என் கையையே நோயாளி கையாக்கி நாலு தடவை தூக்கச் சொன்னேன். நன்றாகப் பிடிக்கிறாள், மாவு பிசைகிற கை. செய்ய மாட்டேன்கிறாரே மேடம் என்றாள். தினமும் கேளுங்க, மாட்டேன்னா விட்டுட்டு மறுநாள் கேளுங்க என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து அவரைக் குழுவிலிருந்து எடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

வகுப்பில் எழுபது பேர். எட்டுக்கு அப்புறம் ஒன்பது என்றுதான் எண்ணினேன்.

மார்ச் 29, ஞாயிறு

எங்கேயும் போகவில்லை. துணி துவைத்தேன். அவர் மகளுக்கு எழுதிக் கேட்கலாம் என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். இவர், "ஒரு வரி எழுதிப் போடேன், கொன்னா போட்டுடுவாங்க?" என்றார். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

வார்டில் இருக்கும்போது மகளின் குரல் செய்தி வந்தது. தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லி ஆரம்பித்தாள். வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டாளாம். தினமும் கேட்டிருக்கிறாள், பதினேழாம் நாள் கையை நீட்டினாராம். இப்போது கோர்த்த கை நெற்றி வரை வருகிறது. சட்டை போடும்போது கத்துவதில்லை. அதற்கு மேல் போகுமா என்று கேட்கிறாள். நெற்றி வரை வந்ததே பெரிது, அதற்கு மேல் போகாது. எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "நேத்து உங்க பழைய வகுப்பு வீடியோவைப் போட்டுப் பாத்தேன் மேடம், உங்க குரல்னா இன்னும் நல்லாச் செய்வாரோன்னு. கேட்டதும் எழுந்து உள்ள போயிட்டார். யாரும் பிடிக்காம, கம்பு இல்லாம, தானா எழுந்து நடந்தார். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு."

ரொம்ப நல்ல செய்தி, இப்படியே தொடருங்க என்று அனுப்பினேன். கட்டுப் போடும் அறையில் யாரும் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நான்காம் படுக்கைக்காரரை நடக்க வைக்கப் போனேன்.