தீர்த்தத்தோடு விழுங்கிய குளிகை

பெஹாலா,
8.11.1998

சிரஞ்சீவி சுப்ரியாவுக்கு, பெருமாள் துணையிருக்க அம்மா எழுதுவது.

இங்கே இருவரும் சௌக்கியம். புனேயில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளியை வெயிலில் போட்டு எடுத்துக்கொள்.

அப்பாவுக்கு வந்தது பரம்பரை நோய், நாளைக்கு உனக்கும் வரும் என்று பயந்து, உன்னைப் பெண் கேட்டிருக்கும் சந்தானத்தின் வீட்டாருக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப்போவதாகப் போனில் சொன்னாய். அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் என்றால் குறுக்கே பேசுவாய்.

கார்டன் ரீச்சில் நாட்டு வைத்தியம் பார்க்கும் வங்காளிப் பெரியவர் கவிராஜ் மஷாய், ரத்தக் கொதிப்புக்கும் தூக்கத்துக்கும் அப்பாவுக்கு சர்ப்பகந்தா வேர்க் குளிகை கொடுத்துவந்தார். அதைப் பெருமாளுக்குக் காட்டிவிட்டுத் தீர்த்தத்தோடு விழுங்குவது அப்பாவின் வழக்கம். அதனால் இந்த வீட்டில் அது மருந்துக் கணக்கிலேயே வரவில்லை. கை நடுங்கி, நடை குறுகி, முகம் அசைவில்லாமல் போய் டாக்டரிடம் போனபோது, என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இங்கிலீஷ் மாத்திரையை மட்டும் சொன்னோம். பார்க்கின்சன் மாதிரி இருக்கிறது, துர்கா பூஜை கழிந்து மருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

பூஜைக்கு ஊருக்குப் போன கவிராஜ் ஒரு மாதத்துக்கு மேல் திரும்பவில்லை. குளிகை தீர்ந்துபோயிற்று. காளி பூஜை சமயம் அப்பா, ரசத்தில் உப்பு போதவில்லை என்றார். அதுவரை எதைப் போட்டாலும் ருசி சொல்லாமல் சாப்பிட்டவர். அப்புறம் ஒருநாள் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். குளிகையையும் அது நின்றதையும் சேர்த்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். அந்த வேரில் ரிசர்பின் என்று ஓர் ஆல்கலாய்டு உண்டு. கை கால் அசையவும், ஒன்றில் ஆசை பிறக்கவும் மூளைக்கு டோபமைன் வேண்டும். செல்கள் அதைச் சிறு பைகளில் சேர்த்துவைக்கும். ரிசர்பின் அந்தப் பைகளின் வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே போகாத டோபமைன் சிதைந்துபோகிறது. நிஜமான பார்க்கின்சனில் செல்களே அழிந்துபோகும். அப்பாவுக்கு டப்பா இருந்தது, அரிசி இல்லை. குளிகையை நிறுத்தினால் மெல்ல மெல்ல நிரம்பும்.

நடுக்கம் முழுக்கப் போகவில்லை. உள்ளே வேறு நோய் இருந்து, வேர் அதை முன்னால் காட்டியிருக்கவும் கூடுமாம். தை மாதம் மறுபடி பார்ப்பார். அப்படியே இருந்தாலும் பெரும்பாலும் அது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை என்றார். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கொதிப்புக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். அப்பா கவிராஜைக் குறை சொல்வதில்லை. "தூக்கத்துக்குன்னுதானே கொடுத்தார்? நான்தான் முழிச்சுண்டே தூங்கியிருக்கேன்" என்கிறார்.

வியாழனன்று சந்தானத்தின் அம்மா விஜயலக்ஷ்மி போன் செய்தாள். இவ்வளவையும், தை மாதம் வரை தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு உன் ஹாஸ்டல் நம்பரைக் கேட்டாள். கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேசு, கண்ணா. பெருமாளும் தாயாரும் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

அம்மா