ஏலத்தில் எடுத்த பெயர் தெரியாத டப்பா

எப்போதும் எனக்கு ஓரடி முன்னால் நடந்த என் தனம் அக்காவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்கு எழுதும்போது முதல் வரியை எப்படித் தொடங்குவது? தெரியவில்லை. இங்குள்ள செய்தியைச் சொல்கிறேன். கோர்படி ரயில்வே கேட் இன்னும் நமக்கு அவசரமான நேரம் பார்த்துத்தான் மூடுகிறது. கீழே வாட்ச்மேன் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைக்கிறார். ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து மேஜராக ஓய்வு பெற்றவள் நீ. அவருடைய சல்யூட் உனக்குரியது. அதை எனக்கு மாற்றித் தர அவருக்கு மனம் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் பேச்சே இல்லை அக்கா. பால்காரரிடம் சொல்லும் 'அர்தா லிட்டர்' தவிர நாள் முழுவதும் வேறு வார்த்தை என் வாயிலிருந்து வராத நாட்கள் உண்டு. அதுவும் தமிழில்லை, அரை லிட்டர் என்பதற்கு மராத்தி. மனதுக்குள் உன்னிடம் பேசுவதைப் பேச்சு என்று சொல்லலாமா?

நம் தம்பி மகன் முரளி, ஊரின் மறுகோடியில் வாகட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறான். ஒரு நாள் நேரிலேயே வந்து உட்கார்ந்தான். "பெரியப்பா, நீங்க தனியா ஒரு டிசிஷன் எடுத்து நான் பாத்ததே இல்ல. எல்லாம் அத்தைதானே? நாளைக்கு கேஸ் லீக் ஆனாக்கூட, ஜன்னலைத் திறக்கலாமான்னு யார்கிட்டயாவது கேப்பீங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லையே என்றுதான் இருந்தது. இந்த வீட்டை விட்டுப் போவதா, இருப்பதா என்று முடிவு சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நம் கேம்ப் பகுதியில் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாம் எத்தனை ஏலங்களுக்குப் போயிருக்கிறோம்! ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. நீ முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானுக்கும் குறை சொல்வாய். என் கை தவறி உயர்ந்துவிடப் போகிறதே என்று நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

இந்த முறை பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஏலக்காரர் உருளையான ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினார். சின்னக் குக்கர் அளவு இருக்கும். வெள்ளைப் பூச்சு உதிர்ந்த இடங்களில் செம்பு தெரிந்தது. கீல் வைத்த மூடி, அதற்கு ஒரு கொக்கி. பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். அந்தத் துளைகளைச் சுற்றி நகரும் பட்டை ஒன்று. "ஹே காய் ஆஹே, மலா பண் மாஹீத் நாஹீ!" என்றார். என்ன பொருளென்று அவருக்கே தெரியாதாம். கூட்டம் சிரித்தது. பழைய பாத்திர வியாபாரி ஒருவர், உருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

என் கை எழுந்துவிட்டது அக்கா. தவறி எழவில்லை, நான்தான் தூக்கினேன். வேறு யாரும் கேட்கவில்லை. "ஆஜோபா, கேவூன் ஜா!" என்றார் ஏலக்காரர். எடுத்துக்கொண்டு போங்கள் தாத்தா என்று அர்த்தம். அவருக்கு ஒரு தொல்லை விட்டது.

டப்பாவை மேஜைமேல் வைத்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இது இன்னதென்று நானே கண்டுபிடித்துவிட்டால் எனக்குத் தனியாக இருக்கத் தகுதி உண்டு. முடியாவிட்டால் வாகட். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் பரீட்சை எழுதாமல் என்னால் எப்போது எதை நம்ப முடிந்திருக்கிறது?

வானிலை அலுவலகத்தில் மழைமானியைப் படித்த பழக்கம் போகவில்லை. உயரம், விட்டம், எடை எல்லாம் அளந்தேன். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். தானியம் வைக்கும் டப்பாவா? துளை வழியே பூச்சி போகும். சாம்பிராணிக் கலமா? உள்ளே கரியே இல்லை. பட்டையை நகர்த்தினால் எல்லாத் துளைகளும் ஒன்றாகத் திறக்கின்றன, ஒன்றாக மூடுகின்றன. அப்படியானால் உள்ளே இருப்பது கொஞ்ச நாள் மூச்சுவிட வேண்டும், பிறகு அடைபட்டு இருக்க வேண்டும். அப்படி என்ன பொருள் இருக்கிறது?

விடை கிடைத்தபோது எழுந்து நின்றுவிட்டேன். காப்பி! புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து வாயு வெளியேற வேண்டும். வெளியேறியதும் வாசனை போகாமல் மூட வேண்டும். எந்தப் பக்கம் சோதித்தாலும் விடை பொருந்தியது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கேம்ப்பில் புதிதாக வறுத்த பீபரி காப்பிக்கொட்டை வாங்கி வந்து நிரப்பினேன். ஒரு வாரம் துளைகளைத் திறந்து வைத்தேன், பிறகு மூடினேன். அதில் போட்ட டிகாக்ஷன் அபாரமாக இருந்தது. சொல்வதற்குத்தான் யாரும் இல்லை.

முடிவு கேட்க முரளி வந்த ஞாயிற்றுக்கிழமை, ராணுவ கேன்டீனுக்கு வந்த ஸ்டெல்லாவும் எட்டிப் பார்த்தாள். உன்னோடு வேலை பார்த்த அதே தூத்துக்குடி ஸ்டெல்லா. உன் காரியத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்து, டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, என் ஆராய்ச்சியை முதலிலிருந்து விளக்கினேன். முரளி, "வாவ் பெரியப்பா!" என்றான். ஸ்டெல்லா கட்டைவிரலால் பட்டையை ஒரு தள்ளு தள்ளினாள். எல்லாத் துளைகளும் மூடிக்கொண்டன. நான் இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்த பட்டை அது.

"ஐயோ ஆண்டவரே! தம்பி, இதுலயா காப்பிக்கொட்டை போட்டு வச்சிருக்கிய?"

"ஏன், என்ன?"

"இது டிரெஸ்ஸிங் டிரம்லா! காயத்துக்கு வைக்க பஞ்சு, துணி எல்லாம் இதுக்குள்ள அடுக்கி, கிருமி சாக நீராவியில அவிப்போம். உள்ள போகும்போது ஓட்டை தொறந்திருக்கணும், வெளிய எடுத்ததும் அடைச்சிரணும். இல்லன்னா அவிச்சதெல்லாம் வீண்." சிரிப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "உங்க அக்கா இருக்காளே, அடைக்காம விட்ட பிள்ளைகளைப் பிச்சு எடுத்திருவா. மேஜர் தனம் ரவுண்ட்ஸ் வாறான்னா நாங்க மொதல்ல டிரம்மத்தான் தடவிப் பாப்போம்."

முரளி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். "அப்போ நான் குடிச்சது?"

"அட, கழுவிட்டுத்தானே போட்டிருக்காவ, குடிங்க. காப்பி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த டப்பாவை நீ ஒரு பார்வையில் சொல்லியிருப்பாய். நீ ஆயுள் முழுக்கத் தினமும் தொட்ட பொருளை நான் ஒரு மாதம் அளந்திருக்கிறேன். அது யாருடைய பங்களா என்று ஏலக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதி விடை கிடைத்திருக்குமோ என்னவோ. கேட்கக் கூச்சம். அதற்கு நான் தகுதி, பரீட்சை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் முரளி கேட்டான். "சரி பெரியப்பா, என்ன டிசைட் பண்ணீங்க?"

நானே போட்ட கணக்கின்படி நான் தோற்றுவிட்டேன். போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முழுத் தப்பாக ஒன்றைச் செய்து, அதை வேறொருவர் எதிரில் சொல்லி, சிரிப்பும் வாங்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இதுவரை நான் தப்புச் செய்வதற்கு முன்பே நீ வந்து திருத்திவிடுவாய், இல்லையா?

"இங்கேயே இருக்கேன் முரளி" என்றேன்.

"ஷ்யூரா பெரியப்பா?"

"ஷ்யூர் இல்லைப்பா. இருந்தாலும் இருக்கேன்."

அவன், "டெய்லி போன் எடுக்கணும், ஓகே?" என்று மட்டும் சொன்னான்.

அவர்கள் போனபின் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. ஒரு சத்தம் வந்து போனால்தான் அது இல்லாதது தெரிகிறது. எடுத்த முடிவு சரிதானா? யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லப் போவதில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். தனியாக இருக்க முடியாமல் போகிற நாள் ஒன்று வரும். அன்று அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். முடியவில்லை என்று என் வாயாலேயே முரளியைக் கூப்பிட்டுச் சொல்வேன். அதுவரை, தெரியாததை அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

ஆயுசு இருந்தால் ஒருநாள் நீ விட்டுப்போன வயதை நான் தாண்டிவிடுவேன். அப்போதும்,

உனக்கு இளையவன்,
உன் தம்பி