ஆடியில் மிளகு பறித்தவன்

3 ஆகஸ்ட் 1958
மாணிக்கம் மறுபடியும் துப்பறியும் நாவல் அனுப்பியிருக்கிறார். நாமக்கல் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஜூனில் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர் பூ அனுப்புவார் என்று பார்த்தால், மாதாமாதம் பிணம் அனுப்புகிறார்! 1870, மதராஸ் பட்டணம், குதிரை வண்டி, கொலை. கடைசிப் பாகம் செப்டம்பரில்தான் வெளிவருமாம். அதற்குள் கொலைகாரன் யாரென்று நான் எழுத வேண்டுமாம். போன இரண்டு நாவல்களிலும் சரியாகச் சொல்லித் தொலைத்தேன்.

4 ஆகஸ்ட்
துப்பறிகிறவர் சுத்த அசடு. பூதக்கண்ணாடியோடு தரையில் தவழ்கிறார். செத்தவரின் கூட்டாளி சொல்கிறான்: கொலை நடந்த ஆடி மாதம் முழுக்கக் கொல்லிமலையில் மிளகு பறித்துக்கொண்டிருந்தானாம். ஆடியில் ஏதடா பறிப்பு? தையில் அல்லவா! இந்த மலையிலேயே பிறந்த என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பிடித்துவிடும். இந்த மேதாவி நம்பிவிட்டார்.

6 ஆகஸ்ட்
அப்பா மூச்சு வாங்க மலையேறி வந்தார். மாணிக்கத்தின் அம்மா பாவாயி சொல்லியனுப்பினாராம்: "இத்தன துப்புத் தொலக்கற புள்ள ஊட்டுக்கு ஆவாதுங்க. நாளைக்கு எல்லாத்தையும் நோண்டும்."
அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தவாட்டி தப்பா எழுதிப்போடு கண்ணு. இருபத்தெட்டாச்சு. இந்த எடமும் போச்சுன்னா…"
தூ! அசடாக நடித்துத்தான் தாலி வாங்க வேண்டுமா?

8 ஆகஸ்ட்
பக்கத்து வீட்டுக் காத்தான் சந்தைக்கு மலையிறங்கும் நாள். அவரிடம்தான் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். சமையல்காரன்தான் கொன்றான் என்று எழுதினேன். கை கூசியது. கிழித்துப் போட்டேன். பிறகு இரண்டே வரி: "யாரென்று தெரியும். அது உங்கள் வீட்டில் குற்றமென்றால் சொல்வதாக இல்லை."

9 ஆகஸ்ட்
பயமாக இருக்கிறது. மற்ற மாப்பிள்ளைகள் பாடத் தெரியுமா என்றார்கள். இவர் மட்டும், "என்ன படிப்பீங்க?" என்று கேட்டார். அதற்காகத்தானே இந்தக் குப்பையை எல்லாம் படித்தேன்.

15 ஆகஸ்ட்
பள்ளியில் கொடியேற்றம். கடிதம் இல்லை.

24 ஆகஸ்ட்
மாணிக்கமே வந்துவிட்டார். அடிவாரம் காரவள்ளியிலிருந்து நடை, சட்டை முழுக்க வேர்வை. வாசலிலேயே ஆரம்பித்தார்.
"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங்க. நாந்தான் வாசிச்சுக் காட்டறது. யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு எழுதிட்டீங்களா, ரெண்டு வாரமா என்னய நச்சரிக்கறாங்க. கேட்டுட்டு வராம ஊட்டுப் படி ஏறாதேன்னுட்டாங்க."
அந்தக் குப்பைக்கு இத்தனை தவிப்பு! தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசைதான், முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு நின்றார்.
"உங்ககிட்டச் சொல்ல மாட்டனுங்க," என்றேன். "அத்தகிட்ட நேர்லதான் சொல்லுவேன். நாள் பாக்கச் சொல்லுங்க."