இருட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு சம்பந்திகள்

அன்புள்ள வாலு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முதுகுவலி மட்டும் வழக்கம்போல வருவதும் போவதுமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் மாமியார் வாயால் கேட்டுவிட்டேன், இருந்தாலும் உன் கையால் ஒரு வரி வந்தால்தான் எனக்கு மனசு ஆறும். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் நீ உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அந்தப் பக்கம் வீடே உட்கார்ந்து கேட்கிறது, நான் மகளிடம் பேசுகிறேனா மேடையில் பேசுகிறேனா என்று எனக்கே தெரிவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை நீ மட்டும் படி. மாப்பிள்ளை கேட்டால் அம்மா நலம் விசாரித்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் மாமியார்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, நீ கல்யாணமாகி அந்தக் குளிர் ஊருக்குப் போன நாளிலிருந்து இருக்கிறது. போன் எடுத்தால் அத்தை சொன்னாங்க, அத்தை காட்டினாங்க, அத்தை கத்துக் குடுத்தாங்க. குடிக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைக்கணுமாம், அத்தை சொன்னாங்க. டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாதாம், சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைக்கணுமாம், அதுவும் அத்தை. கதவுக்கு அடியில் குளிர்காற்று வராமல் பழைய துண்டைச் சுருட்டி வைத்து, அதைப் போட்டோ எடுத்து, அத்தையோட ஐடியா என்று எழுதி எனக்கே அனுப்பினாய் பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டல் சலவைப் பிரிவில் இத்தனை வருஷமாக மேற்பார்வை பார்க்கிறவள் நான். மெஷின் நிறையாமல் ஓட்டாதே, அழுக்குப் போகப் பச்சைத் தண்ணீரே போதும், வெயில் அடிக்கும்போது டிரையர் எதற்கு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினால் எல்லாத் துணியையும் ஒரே மூச்சில் தேய்த்துவிடு, கைக்குட்டைகளைக் கடைசியில் வைத்துக்கொண்டு பெட்டியை அணைத்த பிறகு மிச்சச் சூட்டிலேயே தேய், இதையெல்லாம் தொண்டை வற்ற உனக்குச் சொன்னது யார். நீ காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவள் அங்கே போய் அவர்கள் சொல்லுக்கு மறுசொல் இல்லாமல் கேட்கிறாய் என்றால் எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும். பெற்றதோடு என் வேலை முடிந்தது, வளர்த்த பேர் அவங்களுக்கு என்று அப்பாவிடம் புலம்பினேன். யார் சொன்னா என்ன, பொண்ணு திருந்தினா சரிதானே என்றார். அவரிடம் போய்ச் சொன்னேனே என்று இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் உன் மாமியார் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தங்கைக்குக் கண் ஆபரேஷன், அந்த வீட்டில் இடம் போதாது, நம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று நீதானே ஏற்பாடு செய்தாய். வருகிறவர்கள் முன்னால் நாம் குறைந்து போகக் கூடாதே என்று நான் வீட்டையே புரட்டிப் போட்டேன். பிரிட்ஜை இழுத்துப் பின்பக்கத் தூசியைத் தட்டினேன், அதன் கதவு ரப்பரைத் துடைத்தேன், சும்மா எரிகிற பல்புகளைக் கழற்றினேன், அப்பாவின் போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி ஒளித்தே வைத்துவிட்டேன், அவர் வேனில் ஏறிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போகும்போது போனில் உயிரே இல்லை என்று கத்திக்கொண்டு போனார். எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த அம்மா ஒரு லைட்டையாவது அணைக்காமல் வரணும், நான் போய் அணைக்கணும், ஒன்றும் பேசாமல் ஒரு சிரிப்புச் சிரிக்கணும்.

அதற்கு அவர்கள் இடமே கொடுக்கவில்லை. வந்த அன்றைக்கே கீசரையும் பாத்ரூம் லைட்டையும் அணைத்துவிட்டு, கூடவே நான் அணைக்க மறந்த அடுக்களை லைட்டையும் அணைத்துவிட்டு வந்தார்கள், எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதிலிருந்து ஆரம்பித்தது போட்டி. நான் அடுப்பில் பாத்திரத்தை மூடி வைத்தால் அவர்கள் வந்து தீயைக் குறைத்தார்கள். மறுபடி சுட வைக்க வேண்டாமே என்று நான் டீயைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்தால், பிளாஸ்க் கழுவற தண்ணிகூட வேண்டாம், எனக்கு ஆறின டீதான் புடிக்கும் என்றார்கள். ஆறின டீ யாருக்கடி பிடிக்கும். நானும் விடுவேனா, எனக்கும் அப்படித்தாங்க என்று சொல்லி மடக்மடக்கென்று குடித்து வைத்தேன். இரண்டு பேரும் வியர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு, காத்து நல்லா வருதில்ல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அப்பா மின்விசிறியைப் போட எழுந்தால் இரண்டு பேரும் ஒரு பார்வை பார்ப்போம், மனிதர் அப்படியே உட்கார்ந்துவிடுவார். லிப்ட் இருக்கும்போதே எங்களுக்குப் பயந்து நாலு மாடியும் படியேறி வந்து அவர் முதுகுவலி கூடியதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேகம் மூடிச் சீக்கிரமே இருட்டிவிட்டது. ஹாலில் சோபாவில் நான், எதிர் நாற்காலியில் அவர்கள். யார் எழுந்து லைட்டைப் போடுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள், இதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். அவர்கள் பத்திரிகை படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலை முடிந்து வரும்போது தெருவிலிருந்து பார்த்திருக்கிறார், கட்டடம் முழுக்க வெளிச்சம், நம் வீடு மட்டும் கும்மிருட்டு. ப்யூஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, கீழே கடை வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தத் தம்பி டார்ச் அடித்து, போர்டைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், சுவிட்சைத்தான் யாரும் போடலை என்று சொல்லி லைட்டைப் போட்டான். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் உரித்த வெங்காயமெல்லாம் குப்பைக் கூடையில் கிடக்கிறது, தோல் பத்திரமாகப் பாத்திரத்தில் இருக்கிறது. உன் மாமியார் கையில் பத்திரிகை தலைகீழ். முதலில் அவர்கள்தான் சிரித்தார்கள், அப்புறம் நான், இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை. டீ குடிச்சிட்டுப் போப்பா என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன், அப்பா குறுக்கே புகுந்து, இந்த வீட்டு டீயை மட்டும் குடிக்காதே தம்பி என்று வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

சிரிப்பு அடங்கி இரண்டு பேருமாகக் குப்பைக் கூடையிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. உங்க பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்லைங்க, அதுதான் எனக்குக் கவலையே என்றார்கள். எனக்குப் புரியவில்லை. எங்க வீட்டுல அவ ஒரு சுவிட்சைக்கூடக் கேக்காமப் போட்டதில்லை, லைட் போடட்டுமா அத்தை, மெஷின் ஓட்டட்டுமா அத்தைன்னு கேட்டுக்கிட்டே நிக்கறா, அவ ரூம்ல ஹீட்டர் சும்மா கிடக்கு, பையன் வெளியூர் போற நாள்ல கோட்டைப் போட்டுக்கிட்டே படுத்திருக்கா, நானே போய்ப் போட்டுவிட்டாலும் குளிரலை அத்தைன்னு அணைச்சிடறா என்றார்கள். நீ போன முதல் குளிர்காலத்தில் யாருமில்லாத அறையில் ஹீட்டர் வீணாக ஓடுகிறதே என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் தன் மகனைப் பார்த்து. அதை நீ எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாய் என்று அவர்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்திருக்கிறது, அதற்கப்புறம் என்ன சொன்னாலும் நீ சரிங்க அத்தை என்கிறாயாம். உங்க வீட்டுல அவ எப்படி இருப்பா, அதைக் கேக்கத்தான் இங்க வந்தேன், தங்கச்சி வீட்டுல எனக்கு இடம் இருந்தது என்றார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், நான் வளர்த்த வளர்ப்பு அப்படிங்க என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை நாள் ஏங்கின பேர் அது, கையை நீட்டினால் கிடைத்துவிடும். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். நம் வீட்டில் நீ பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுக்க வந்தோம் என்று யோசிப்பதைச் சொன்னேன், ஹாலில் மின்விசிறி, அறையில் லைட், பாத்ரூமில் கீசர் எல்லாம் ஓட நீ பாட்டுக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போயிருப்பதைச் சொன்னேன், உன் பின்னாலேயே அணைத்துக்கொண்டு வருவதுதான் எனக்கு இரண்டாவது உத்தியோகம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அது குறை சொல்வதுபோலவே இல்லை, பீரோவைத் திறந்து நகையை எடுத்துக் காட்டுவதுபோல இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, குடுத்து வச்சவங்க நீங்க என்றார்கள். அவர்களுக்கு என்மேல் பொறாமை வாலு. எனக்குப் பூரித்துப்போயிற்று, மறைக்க மாட்டேன். பாத்திரம் கழுவுகிறவரைக்கும்தான் அந்தப் பூரிப்பு, அப்புறம் நீ கோட்டோடு சுருண்டு படுத்திருப்பது கண்ணில் வந்து நின்றது, இன்னும் போகவில்லை.

நீ நல்ல பழக்கமெல்லாம் பழகிவிட்டாய் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். நீ அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்திருக்கிறாய், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீரை அளவாகக் கொதிக்க வை, டிவியைச் சுவரில் அணை, துணியை வெளியே காயப் போடு, பகலில் வெயில் வருகிற பக்கம் திரையை விலக்கி, இருட்டுவதற்கு முன்னால் இழுத்து மூடு, அதையெல்லாம் விடச் சொல்லவில்லை, உலகத்துக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. ஹீட்டரையும் முழுசாக முறுக்கி வைக்க வேண்டாம், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இதமாக வை. ஆள் இல்லாத அறையில் ஓடினால் அணைத்துவிடு. நீ இருக்கிற அறையில் ஏன் அணைக்கிறாய், நீ ஆள் இல்லையா.

யாரையும் கேட்காதே. போய்ப் போடு. ஒரு நாள் மறந்துபோய் அணைக்காமலும் வா. அவர்கள் திட்டட்டும், நன்றாகவே திட்டட்டும், நீயும் பதிலுக்கு முணுமுணுத்துக்கொண்டே போய் அணை. இங்கே நமக்குள் அப்படித்தானே இருந்தது. உன்னைத் திட்டுகிற உரிமை இத்தனை வருஷம் எனக்கு மட்டும்தான் இருந்தது, அதில் பங்கு கொடுக்க எனக்கு மனசே இல்லை. சம்பந்தி அம்மாவை வழியனுப்பும்போது ரயில் பெட்டி ஜன்னலில் நின்றுகொண்டு, லைட்டை அணைக்கலைன்னா விடாதீங்க, என் பொண்ணை நல்லா நாலு வார்த்தை கேளுங்க என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், வண்டி நகர்கிறவரைக்கும் விடவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் மனசு நிறைந்து, உடம்பு சுகத்தோடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் தன் ஆசீர்வாதத்தைச் சேர்த்து எழுதச் சொன்னார், பக்கத்தில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், போகட்டும் என்று விட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, அந்த வீட்டில் உனக்கு முதல் திட்டு விழுகிற அன்றைக்கே எனக்குத் தெரியப்படுத்து. எனக்கு வயிறு எரியும். பரவாயில்லை, நீ குளிரில் படுக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
உன் அம்மா