சாட்சி சொன்ன கெளுத்தி

உ

அன்பு மகள் தரணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் எருமையும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மீன் படிப்புப் படிக்கப் போன கல்கத்தாவில் நீ காய்ச்சல் இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டால் அதுவே எங்களுக்குச் சுகம்.

போனில் பாதிதான் சொன்னேன், மீதியைக் கேள். நம் கிணற்றுத் தண்ணீரை எருமை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும், மேற்கே சாயப்பட்டறை வைத்திருக்கிற கன்னையன் மேல் மனுக் கொடுத்தேன் அல்லவா, மறுவாரமே அவன் குடத்தில் நாலு மீனோடு வந்தான். ‘ஏனுங்கண்ணா, பங்காளிக்குள்ள என்னங்க சண்டை, இதைக் கெணத்துல உடுங்க, கொசுவாச்சும் கொறையும்’ என்றான். முழ நீளம், பூனை மீசை. நானும் இளித்துக்கொண்டு வாங்கி விட்டேன், அம்மா எனக்கு வைத்த இட்லியில் தினமும் பிட்டும் போட்டேன். போன மாதம் அதிகாரி வந்த அன்று கன்னையன் ஒரு கை கோழிக்குடலை வீச, நாலும் மேலே வந்து வாயைப் பிளந்தன. ‘கெட்ட தண்ணீன்னா மீனு பொழைக்குமுங்களா சார்’ என்றான். அதிகாரி என்னைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை விசாரித்ததுபோல நான் ‘நல்லாத் திங்குதுங்க சார்’ என்று சொல்லி, கிணற்றில் மீன்கள் நலமாக உள்ளன என்று எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டேன். எட்டாவது வரை படித்தது அதற்குத்தான் பயன்பட்டது. போன வருடம் நம் கெண்டைகள் செத்து மிதந்தபோது அள்ளிப் புதைத்தவனே நான்தான், இவை பிழைத்ததும் தண்ணீர் தேறிவிட்டதோ என்று ஆசைப்பட்டுவிட்டேன் கண்ணு. எருமை ஏமாறவில்லை.

அது ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளர்க்கவே தடை போட்ட மீன், காற்றை விழுங்கிக்கொண்டு சாக்கடையிலும் பிழைக்கும், கண்டதையும் தின்னும், வயிற்றை அறுத்துப் பாருங்கப்பா என்று நீ சொன்ன அன்றே ஒன்றைத் தூண்டிலில் பிடித்தேன். முள்ளைக் கழற்றியதுதான் தாமதம், புல்லில் நெளிந்து நெளிந்து வாய்க்காலைப் பார்த்துப் போனது. துரத்திப் போய்ச் சேற்றில் குப்புற விழுந்தேன். ‘மீனு நடக்குது, மனுசன் நீந்துறாரு’ என்றாள் உன் அம்மா. அரிவாள்மனையையும் தரவில்லை, கதிர் அறுக்கிற அரிவாளால்தான் அறுத்தேன். உள்ளே தவளைக் கால், மைனா இறகு, பட்டறைப் பக்கமிருந்து பறந்து வருகிற நீலப் பனியன் நூல். நாலில் சின்னதை ஒரு வாரமாகக் காணோம் என்று தேடினேனே, அதன் தலையும் மீசையோடு உள்ளேதான் இருந்தது. பங்காளியைத் தின்கிற சாதி.

அடுத்ததை ஈரச்சாக்கில் கட்டிவைத்துச் சோறு தின்னப் போனவன் அப்படியே தூங்கியும் விட்டேன். எழுந்து அவிழ்த்தால் மீசையை ஆட்டுகிறது. அன்று சாயங்காலம் ரோட்டில் கன்னையன், ‘மீனு சௌக்கியங்களாண்ணா’ என்று பல்லைக் காட்டினான். ‘உன்னையாட்டவே இருக்குது தம்பி, எந்தச் சாக்கடையிலயும் பொழைச்சுக்குது’ என்றேன். அவனோடு இனி எனக்கு நல்லது கெட்டது எதுவும் கிடையாது.

வருகிற பத்தாம் தேதி மறு விசாரணை. அன்று மனுவைத் தள்ளிவிட்டால் நாற்பது தென்னையும் போனதுதான். அந்த மீனைத் தொட்டியில் வைத்திருக்கிறேன், அதே சாக்கில் கொண்டுபோய் அதிகாரி மேசைமேல் வைக்கப் போகிறேன். தண்ணீரே இல்லாமல் உயிரோடு கிடப்பது தண்ணீருக்கு என்ன சாட்சி சொல்லும் என்று கேட்பேன். தாராபுரத்து ஆற்றுக் கெண்டை இரண்டு பிடித்து உயிரோடு கொண்டுபோய், குடத்தில் எடுத்துப்போகிற நம் கிணற்றுத் தண்ணீரில் அவர்கள் கண்ணெதிரே விடுவேன். நான் போட்ட கையெழுத்து முட்டாளின் கையெழுத்து என்றும் சொல்லியாக வேண்டும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அம்மா அழுகிறாள் என்று லீவு போட்டு ஓடி வராதே, படிப்பைப் பார். அங்காளம்மன் துணையிருப்பாள், நோய் நொடியில்லாமல் நன்றாக இரு சாமி.

இப்படிக்கு,
மீனுக்கு இட்லி ஊட்டிய உன் அப்பா
நாச்சிமுத்து

மறந்துவிடாதே: இந்த மீனைப் பற்றி நீ படித்ததை ஒரு தாளில் எழுதி, பத்தாம் தேதிக்கு முன் கிடைக்கும்படி அனுப்பு. அடியில் உன் கையெழுத்தைத் தெளிவாகப் போடு. இந்த வீட்டுக் கையெழுத்து ஒன்றாவது உண்மைக்கு இருக்கட்டும்.