மேல் அடுக்கு மட்டும் நிஜம்

என் பெரியவனுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நான், உங்க அம்மா, கல்யாணப் பொண்ணு மூணு பேரும் சௌக்கியம். உங்க அம்மாவோட முட்டி மட்டும் எங்க கணக்குல சேராது, அது தனி ஆளு, ஒரு நாள் நல்லா இருக்கும், மறுநாள் கோவிச்சுக்கும். நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கேன்னு நம்பறேன், எப்படி இருந்தாலும் நல்லா இருக்கேன்னுதானே சொல்லப் போறே. எழுத்து கோணலா இருக்குன்னு சிரிக்காதே, நான் பள்ளிக்கூடத்துல படிச்சதைவிட பள்ளிக்கூடத்துச் சுவரைப் பூசினதுதான் அதிகம். போன்ல பேசலாம்னா, நான் முக்கியமான விஷயத்துக்கு வந்ததும் உனக்கு சிக்னல் போயிடுது. கடுதாசியை எப்படி கட் பண்ணுவேன்னு பார்க்கறேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கலைன்னு சொன்னே. சரின்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் நான் போன் போட்டப்ப நீ குளிக்கப் போயிருந்தே, உன் ரூம்காரத் தம்பி எடுத்தான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியல. உன் ஃபேக்டரியைப் பூட்டி ரெண்டு மாசம் ஆச்சுன்னும், கூப்பிட்ட நாள்ல மட்டும் நீ குடோன்ல மூட்டை தூக்கப் போறேன்னும் சொல்லிட்டான். பூட்டிக் கிடக்கற ஃபேக்டரியில லீவு கேட்டு, அதுவும் கிடைக்காம போன ஒரே ஆளு நீதான்டா. கூடப்பொறந்தவ கல்யாணத்துல கையை வீசிக்கிட்டு வந்து நிக்கறதுக்கு, வராமலே இருந்துடலாம்னு அவன்கிட்ட சொன்னியாமே, அதையும் சொன்னான். அவனைத் திட்டாதே. வீட்டுல வந்து சொன்னேன். உங்க அம்மா பாத்திரம் விளக்கினா, விளக்கி முடிச்ச பாத்திரத்தையே எடுத்துத் திரும்ப விளக்கினா. சின்னவதான் பேசினா. அப்பா, கேக்கைக் குறைங்க, அண்ணனுக்கு டிக்கெட் போடுங்கன்னா. மூணு அடுக்கு கேக் வேணும்னு நிச்சயம் பண்ண நாள்லேருந்து படம் படமா காட்டி என் உயிரை எடுத்தவ அவ, தெரியுமில்ல. கேக் இல்லாம கல்யாணம் பண்ணிக்கலாம், அண்ணன் இல்லாம முடியாதுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

சரி, கேக்கும் வேணும் நீயும் வேணும், என்ன பண்றதுன்னு முக்கு பேக்கரிக்காரர்கிட்ட போனேன். ஊருக்கே இனிப்பு விக்கற மனுஷன், ஊதினா பறந்துடுவார் போல இருப்பார். அவர் ஒரு வழி சொன்னார். நிறைய பேர் அடியில ரெண்டு அடுக்கு தெர்மாகோல்தான் வெக்கறாங்களாம், மேல் அடுக்கு மட்டும் நிஜ கேக்காம், அதைத்தான் வெட்டுவாங்களாம். வந்தவங்களுக்கு தட்டு கேக்கா சுட்டு உள்ளயே துண்டு போட்டுக் குடுத்துடலாமாம். ஆஹா, பாதிச் செலவு போச்சேன்னு விலை கேட்டா, பெருசா ஒண்ணும் குறையல. ஏங்க, தெர்மாகோலுக்கா இவ்வளவுன்னு கேட்டேன். தெர்மாகோலுக்கு இல்லைங்க, மேல கிரீம் பூசறதுக்குத்தான் கூலின்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சுவரும் சீலிங்குமா ஆயுசு பூரா பூசினவன்கிட்ட வந்து பூச்சுக்குக் கூலி கேக்கறார். அந்த ரெண்டு அடுக்கை நானே பூசிக்கறேன், மேல் அடுக்கும் தட்டு கேக்கும் மட்டும் நீங்க பண்ணுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, எனக்கு கிரீம் தெரியாது, பிளாஸ்டர்தான் தெரியும். அதுவும் வெயில்ல உருகாது, ஈ மொய்க்காது. மொட்டைமாடி ரூம்ல சின்னவ பிளாஸ்டர் மாவு கலக்கிக் குடுக்க, தெர்மாகோலே இல்லாம முழு பிளாஸ்டர்லயே ரெண்டு வட்டமா வார்த்து, பூச்சுக் கரண்டியால இழைச்சு இழைச்சு கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன். ரசமட்டம் வெச்சுப் பார்த்தேன், நீர்க்குமிழி நடுவுல அசையாம நிக்குது, எந்த பேக்கரியில இப்படி கேக் கிடைக்கும் சொல்லு. பணக்கார வீட்டு சீலிங்குக்கு ரோஜாப்பூ வார்ப்போமே, அந்த அச்சு பழைய சாக்குல கிடந்தது, அதுல பூ வார்த்து ஓரத்துல சுத்தி ஒட்டினேன். உங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவ முட்டி மாடி ஏற விடாது. அவ கோயிலுக்குப் போயிருந்தப்ப நானும் சின்னவளும் படிக்குப் படி இறக்கி வெச்சு கீழ கொண்டுவந்து மேசையில வெச்சோம், வந்து பார்த்து அசந்து போயிட்டா. எனக்கு நாக்கு சும்மா இருக்குமா. பேக்கரியில மாதிரிக்குக் குடுத்தாங்க, தொடாதேன்னு சொல்லி வெச்சேன். அவ எறும்பு ஏறாம இருக்க மேசையோட நாலு காலுக்கும் கிண்ணத்துல தண்ணி வெச்சா. நான் பேப்பரால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு சிரிச்ச சிரிப்புல பேப்பரே கிழிஞ்சு போச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். இன்னும் ஒரு நாள் சிரிச்சுக்கலாமேன்னு விட்டுட்டேன்.

மறுநாள் காலையில நான் பால் வாங்கப் போன நேரமா பார்த்து சம்பந்தியம்மா வந்துட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மாதான், டைலர் கடை வெச்சிருக்காங்கன்னு சொன்னேனே, பொண்ணுக்கு அளவெடுக்க டேப்போட வந்திருக்காங்க. பையன் கல்யாணத்துல மூணு அடுக்கு கேக் வெட்டப் போறோம்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருக்கற மனுஷி. நான் திரும்பி வாசல்ல செருப்பைக் கழட்டறேன், உள்ள கிர்ருனு ஒரு சத்தம். உங்க அம்மா சம்பந்திக்கு மரியாதை பண்ணணும்னு கேக்கை வெட்டறா. சின்னவ பின்னால நின்னு வேண்டாம்னு கண்ணைக் காட்டறா, உங்க அம்மா திரும்பியே பார்க்கல. கத்தி இறங்கல. சம்பந்தியம்மா பாவம், நல்ல மனசு, ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தீங்களோ, இறுகிப் போச்சு போலன்னு எடுத்துக் குடுக்கறாங்க. உங்க அம்மா பெரிய கத்தி எடுத்துக்கிட்டு வந்து முட்டியையும் மறந்து எம்பி அழுத்தறா. ஒரு ரோஜாப்பூ பிச்சுக்கிட்டுப் போய் சம்பந்தியம்மா தட்டுல டங்குனு விழுந்துச்சு.

அந்தச் சத்தத்துல நான் பாலோட அப்படியே நின்னுட்டேன்டா. சின்னவ மூஞ்சியைப் பார்த்தேன், ரத்தமே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணு வீட்டுக்காரன் கேக்குல ஏமாத்தறான்னு ஆயிடுச்சே, இனி அந்த வீட்டுல அவளை எப்படி நடத்துவாங்கன்னு நினைச்சதும் என் சிரிப்பெல்லாம் எங்கயோ போச்சு. உங்க அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதல, காகிதம் பொசுங்கிடும். அவதான் உடைச்சுச் சொன்னா. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்க, எங்க பெரியவனுக்கு வேலை போச்சு, அவன் வர்றதுக்கு டிக்கெட் போடத்தான் கேக்குல மிச்சம் பிடிச்சோம், பிடிச்ச லட்சணம் இதுன்னு சொல்லி முந்தானையால மூக்கைத் துடைச்சா.

சம்பந்தியம்மா பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அண்ணே, எல்லாம் சரி, என் பையனுக்குக் குடுக்கற பொண்ணாவது நிஜம்தானேன்னு கேட்டாங்க பாரு. சின்னவதான் முதல்ல சிரிச்சா, அப்புறம் எல்லாரும். அப்ப மேல் அடுக்கையும் இதுலயே போட்டுடுங்கண்ணே, வெட்டற இடத்துல ஒரு துண்டு நிஜ கேக் சொருகினா போதும், போட்டோவை யாரு கடிச்சுப் பார்க்கப் போறாங்கன்னாங்க. மேல் அடுக்கு நிஜமாவே இருக்கட்டும்மா, என் பொண்ணு ஒரு வாய் திங்கணும்னு நான்தான் சொல்லிட்டேன். மேசைக்கு தரை வரைக்கும் துணி தெச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. போகும்போது அந்தப் பூவை கைப்பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க, கடையில வெக்கறதுக்காம். கத்தி இழுத்த கோடு அடி அடுக்குல இன்னும் இருக்கு, பூசி மூடலாம்னு போனேன், உங்க அம்மா விடல. இருக்கட்டும், நீங்க பண்ணின கூத்துக்கு சாட்சின்னுட்டா.

இதோட டிக்கெட் வெச்சிருக்கேன், போக வர ரெண்டுக்கும். இதுல உன் பேர்தான் இருக்கு, வேற யாருக்கும் தர முடியாது, விசாரிச்சுட்டேன். இன்னொரு சங்கதியும் இருக்கு. அடுக்கு ரெண்டும் கல்லுக் கனம் கனக்குது. மாப்பிள்ளை ஆசையா வந்து தூக்கிப் பார்த்தார், வேகமா நடந்து வாசல் நிலையில இடிச்சு ஒரு ஓரத்தை உடைச்சுட்டார், திரும்பப் பூச வேண்டியதாப் போச்சு. என்கூட வேலைக்கு வந்து பழகி, ஈர பிளாஸ்டர் பலகையை அலுங்காம தூக்கிக்கிட்டு என் நடைக்கு நடை போட்டு மாடி ஏறத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான். உன்னை நம்பித்தான்டா இவ்வளவு கனமா வார்த்திருக்கேன். நீ வரலைன்னா கேக் மண்டபத்துக்குப் போகாது, கல்யாணத்தை நம்ம வீட்டு ஹால்லதான் வெக்கணும்.

உடம்பைப் பார்த்துக்கோ. நல்லா இரு, போன வேலையைவிட நல்ல வேலை வரும். உங்க அம்மா ரெண்டு சட்டை எடுத்து வெச்சிருக்கா, இளைச்சுப் போயிருந்தா டைலர் சம்பந்தி பிடிச்சுத் தருவாங்க. ஒண்ணு மட்டும் மறக்காதே. யார்கிட்டயாவது கடன் வாங்கி எதையாவது பெட்டியில அடைச்சுக்கிட்டு வந்து நிக்காதே. ரெண்டு கையும் காலியா வா. தூக்கறதுக்கு இருக்கு.

இப்படிக்கு,
அடி அடுக்கோட ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு
மறுபக்கத்துக்கு ஆள் பார்த்து நிக்கும்
உன் அப்பா